அருணாசலக் கவியின் இசைக்குச் சாட்சி எது?

பூம்புகாரில் இசை என்று பேச்செடுத்தால் அது நேரே சிலப்பதிகாரத்தில் போய் நிற்கும். மாதவியின் அரங்கேற்றம், யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமையாசிரியன் என்று இளங்கோவடிகள் தந்த விவரங்களை அறிஞர்கள் வரிவரியாக ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்கு மிக அருகில், 18ஆம் நூற்றாண்டில், இதே வட்டாரத்தில் வாழ்ந்தவரின் இசைக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. பூம்புகாருக்குத் தெற்கே தில்லையாடியில் 1711இல் பிறந்து, வடமேற்கே சீர்காழியில் வாழ்ந்து, 1779இல் மறைந்த அருணாசலக் கவிராயரைச் சொல்கிறேன். அவருடைய இராம நாடகப் பாட்டுகளில் சில இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டுகளின் பழைய இசை வடிவத்துக்குச் சாட்சி எது என்று கேட்டால் தெளிவான பதில் வருவதில்லை. கிராமபோன் காலத்து இசைத்தட்டுகள்தான் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள முதன்மையான சாட்சி என்பதும், ஓலைச்சுவடிக்குக் கொடுக்கும் மதிப்பை அவற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பதும் என் வாதம்.

கவிராயரின் வாழ்க்கை இசைவாணரின் வாழ்க்கையாகத் தொடங்கியதல்ல. இளமையிலேயே பெற்றோரை இழந்து தருமபுரம் ஆதீனத்தில் தமிழும் சாத்திரமும் படித்தார்; துறவு ஏற்காமல் இல்லறத்துக்கு வந்தார்; தில்லையாடியில் காசுக்கடை வைத்துப் பிழைத்தார். புதுச்சேரிக்குப் பொன் வாங்கப் போகும் வழியில் சீர்காழி மடத்தில் தங்கியபோது, அங்கே பாதியில் நின்றிருந்த பள்ளு நூலை முடித்துக் கொடுத்தார் என்றும், அதனால் மனம் மகிழ்ந்த மடத்தார் அவரைக் குடும்பத்தோடு சீர்காழிக்கே அழைத்துக்கொண்டார்கள் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். அசோமுகி நாடகம், சீர்காழிக் கோவை, அனுமார் பிள்ளைத்தமிழ் என்று பிற நூல்களும் உண்டு. இராம நாடகம் அறுபது வயதை ஒட்டி வந்த படைப்பு. கம்பனை அவரிடம் பாடம் கேட்ட சட்டநாதபுரம் கோதண்டராமையர், வெங்கடராமையர் என்ற இருவர், அந்தக் கதையை எல்லோரும் பாடிக் கேட்கும்படி நாடகமாக்கித் தரக் கேட்டார்கள். அவர் சொற்களைக் கட்ட, இசை கற்ற அந்த இருவரும் மெட்டு அமைத்தார்கள். இந்தச் செய்தி பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறது. என் பார்வையில் முழு விவகாரத்துக்கும் அச்சாணி இதுதான். இராம நாடகத்தின் இசை பிறந்த நாளிலேயே கவிராயருடைய சொந்தச் சொத்தாக இருக்கவில்லை.

அவர் பிறந்த காலத்தில் ஐரோப்பாவில் இசையமைப்பாளர்கள் பாக்கும் ஹாண்டலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். இருவரும் 1685இல் பிறந்தவர்கள். இந்த ஒப்பீடு வலிந்து தேடியதல்ல. ஹாண்டல் பிறந்த ஹாலே நகரில் படித்த கிறித்தவ போதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்; தில்லையாடி அதற்குப் பக்கத்து ஊர். கவிராயர் குழந்தையாக இருந்தபோது, நடந்து போகும் தொலைவில் ஜெர்மானிய மெட்டுகள் தமிழ்ச் சொற்களில் பாடப்பட்டன, அச்சுக்கூடமும் ஓடத் தொடங்கியது. பாக் மறைந்தபின் அவர் இசையில் பெரும்பகுதி மறக்கப்பட்டாலும் எழுதிவைத்த தாள்கள் மிஞ்சின. 1829இல் மெண்டல்சோன் அவருடைய மத்தேயு பாடுகளை மீண்டும் அரங்கேற்ற முடிந்தது அதனால்தான். செல்லோக் கலைஞர் பாப்லோ கசால்ஸ் 1936 முதல் 1939 வரை பாக்கின் செல்லோ தொகுதிகளை இசைத்தட்டில் பதிந்தார். பிற்காலத்தார் பழைய கையெழுத்துப் படிகளைப் பார்த்து வேறு விதமாகவும் வாசித்தார்கள். அங்கே இசைத்தட்டின் மேல் முறையீடு செய்ய ஏட்டுச் சான்று இருக்கிறது. இராம நாடகத்துக்கு அது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அச்சான பதிப்புகள் பாட்டின் தலைப்பில் ராகத்தையும் தாளத்தையும் குறித்ததோடு நின்றுகொண்டன. தியாகராஜருக்கு உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர் வழிப் பாடாந்தரம் வாய்த்ததுபோல் கவிராயருக்கு வாய்க்கவில்லை. அவர் பாட்டுகளைக் கதாகாலட்சேபக்காரர்களும் நாடகக்காரர்களும் தத்தம் வழியில் சுமந்து வந்தார்கள்.

இப்படி வந்த பாட்டுகள்தான் தட்டில் ஏறின. 1902இல் கல்கத்தாவில் தொடங்கிய ஒலிப்பதிவு சில ஆண்டுகளில் சென்னைக்கு வந்துவிட்டது. முதலில் கூம்பின் முன் கத்திப் பாட வேண்டியிருந்தது. 1920களின் பிற்பகுதியில் மைக் வந்ததும் நுணுக்கமான குரலும் பதிவானது. அந்த மைக் காலத்தில் புகழ்பெற்றவர் நாகப்பட்டினத்தில் வளர்ந்த பாடகி என்.சி. வசந்தகோகிலம்; 1951இல் முப்பத்திரண்டு வயதை ஒட்டிக் காலமானார். அவர் மோகனத்தில் பாடிய ‘ஏன் பள்ளி கொண்டீர்’ கவிராயரின் பாட்டு. இராம நாடகம் திருவரங்கத்தில் அரங்கேறியபோது அரங்கநாதர் முன் பாடியது என்று மரபு சொல்கிறது. பாட்டின் அமைப்பைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும் பெருமாளிடம் களைப்புக்குக் காரணம் கேட்கிறார் கவி. தாடகை மேல் அம்பு விட்டதா, வில்லை ஒடித்ததா, பரசுராமனை அடக்கியதா, சீதையோடு நடந்ததா, குகன் ஓடத்தில் கங்கையைக் கடந்ததா, மாயமானைத் துரத்தியதா என்று கேள்வி மேல் கேள்வி. ஒரே சரணத்துக்குள் பால காண்டத்திலிருந்து ஆரணிய காண்டம் வரை வந்துவிடுகிறது. கேள்விகள் தாளத்தோடு ஒட்டி ஒத்த ஓசையில் முடியும்படி கட்டியிருப்பதால், பாடுகிறவர் நினைத்தாலும் சொற்களை இழுத்துக் குலைக்க முடியாது. காது இருக்கிற யாரும் தட்டில் இதைக் கேட்டு உணரலாம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இன்று பாடப்படும் பல மெட்டுகள் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இராம நாடகப் பாட்டுகளுக்குப் புதிதாக இசை அமைத்தார் என்பது எல்லோரும் அறிந்தது. ‘கண்டேன் கண்டேன்’ பாட்டை வசந்தாவில் பாடுகிறவர்களும் உண்டு, வடக்கிலிருந்து வந்த பாகேஸ்ரீயில் பாடுகிறவர்களும் உண்டு. அப்படியிருக்க 1940ஆம் ஆண்டுத் தட்டு 1770களின் இசைக்கு எப்படிச் சாட்சியாகும்? மெட்டுக்குச் சாட்சியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூல மெட்டே சீடர்களுடையது என்கிறபோது, கவிராயரின் பங்கை ராகத்தில் தேடுவதே தவறு. அவர் பங்கு சந்தத்தில் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தார். அதே முறை இங்கும் பொருந்தும். ஒரே தருவின், அதாவது நாடகப் பாட்டின், நான்கைந்து பதிவுகளை வரிசையாக வைத்துக் கேட்டால் ராகம் மாறும், சங்கதி மாறும். எடுப்பு, சொல் பிரியும் இடம், எதுகை விழும் அட்சரம் ஆகியவற்றில் எவை மாறாமல் நிற்கின்றனவோ அவை மெட்டைவிடப் பழையவை என்று துணிந்து சொல்லலாம். தனித்தனியே எந்தத் தட்டும் நம்பத்தக்கதல்ல. சேர்த்துக் கேட்டால் நம்பலாம்.

மூன்று நிமிடத் தட்டு பாட்டை நறுக்கிவிட்டது என்ற குறை உண்மை. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் பல சரணங்கள் அடங்கா. இருந்தாலும் பாட்டின் முழு வாசகம் அச்சில் கிடைப்பதால் எது விடுபட்டது என்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. நூற்றுக்கும் மேற்பட்ட தருக்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவை மட்டுமே தட்டுக்கும் கச்சேரிக்கும் ஏற்றவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. சூர்ப்பணகையும் கூனியும் வாதாடும் பாட்டுகள், இடையில் வரும் விருத்தம், வசனம் எல்லாம் ஒதுங்கின. நாடகம் எழுதியவர் கீர்த்தனை எழுதியவராக மாறிப்போனார். 1940களில் தமிழிசை இயக்கம் முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளையோடு அவரைச் சேர்த்துத் தமிழிசை மூவர் என்று நிறுத்தியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்போடு வெளியிட்டது. நல்ல பணிதான். ஆனால் அந்தச் சுரக்குறிப்பு அன்று வழங்கிய கச்சேரி வடிவத்தை ஏட்டில் நிறுத்தியது. அதற்கு முந்திய கதாகாலட்சேப, நாடகக் குரல்கள் பழைய தட்டுகளில் மட்டும் தங்கிவிட்டன.

சீர்காழியில் தமிழிசை மூவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. இராம நாடகப் பாட்டுகளின் பதிவுகளைப் பாடியவர், ராகம், தட்டு எண் வாரியாக அட்டவணையிட்டு, கேட்கவும் வசதி செய்து அங்கே வைக்க வேண்டும். சீர்காழி, மயிலாடுதுறை, நாகை வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரணில் கிராமபோன் தட்டுகள் இருந்தால், காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் லேபிளில் உள்ள பெயரையும் எண்ணையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், உறையில் போட்டு நிறுத்தி வையுங்கள்.