கிரீனி கைமாறிய கதை

1959-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலாமஸூ நகரத்து கிப்ஸன் தொழிற்சாலையில் செய்த லெஸ் பால் கிட்டார் அது. மகாகனி உடல், மேலே மேப்பிள் பலகை. அந்த மாடல் அப்போது விலைபோகவில்லை. கொஞ்ச நாளில் கிப்ஸன் அதன் உருவத்தையே மாற்றிவிட்டது.

அதற்கு மறுவாழ்வு கிடைத்தது லண்டனில். 1966-இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டு வெளிவந்து, ஊரில் கிட்டார் தூக்கிய பையன்களையெல்லாம் பித்தாக்கியது. கிளாப்டன் கையில் இருந்தது லெஸ் பால். யாரும் சீண்டாத மாடலுக்குத் திடீரென்று மவுசு. கிளாப்டன் விலகியதும் அவர் இடத்துக்கு வந்த பீட்டர் கிரீனும் ஒரு லெஸ் பால்தான் வைத்திருந்தார், அதுதான் அந்த 1959 கிட்டார். சேரிங் கிராஸ் சாலையின் செல்மர் கடையில், நூற்றுச் சொச்சம் பவுண்டுக்கு, பழையதாக வாங்கியது. பெத்னல் கிரீன் பகுதி யூதக் குடும்பத்துப் பிள்ளை. வயது இருபதைத் தொடவில்லை.

இந்தக் கிட்டாரில் ஒரு கோளாறு உண்டு. லெஸ் பாலில் கம்பிகளுக்குக் கீழே இரண்டு பிக்கப்கள் இருக்கும். காந்தமும் செப்புக் கம்பிச்சுருளும் சேர்ந்து கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவிகள் அவை. பீட்டரின் கிட்டாரில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் தலைமாறி உட்கார்ந்திருக்கிறது. அதன் திருகாணிகள் பார்க்கவேண்டிய திசையைப் பார்க்கவில்லை. பீட்டர் அதை ஒருமுறை கழற்றித் திருப்பி மாட்டிவிட்டார், ஒலி மாறிவிட்டது என்பது வெகுகாலம் சுற்றிவந்த கதை. கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் திருப்பி மாட்டியதால் மட்டும் அந்த ஒலி வராது. உள்ளே காந்தமே துருவம் மாறியிருந்தால் வரும். சுவிட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. இரண்டுக்கும் பொதுவானது பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது அடித்தொண்டை இல்லாத, மூக்கால் அழுகிற மாதிரியான ஒரு குரல்.

வேறொருவராயிருந்தால் கடைக்குப் போய்ச் சரிசெய்திருப்பார். பீட்டர் அந்தக் குரலை வேண்டிய இடத்தில் மட்டும் எடுத்தார், மீதி நேரம் ஒதுக்கிவைத்தார். அவர் மேதைமையைக் காந்தத்தின் கணக்கில் எழுதுபவர்கள் 1967-இன் ‘தி சூப்பர்நேச்சுரல்’ கேட்கட்டும். ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அடுத்ததைத் தொட அவசரமே படாத கை அது. அமெரிக்க புளூஸின் மூத்தவரான பி.பி. கிங்கே வியந்த கை.

அதே ஆண்டு ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கினார். பெயரில் தன்னை வைக்காமல் டிரம்ஸ் மிக் ஃப்ளீட்வுட்டையும் பேஸ் ஜான் மெக்வீயையும் வைத்தார். ‘ஆல்பட்ராஸ்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ‘பிளாக் மேஜிக் வுமன்’ பாட்டை உலகம் சன்டானாவின் சொத்து என்றே நினைக்கிறது; எழுதியவர் பீட்டர். பணம் வந்த வேகத்தில் அதன்மேல் வெறுப்பும் வந்தது. எல்.எஸ்.டி. போதை, மனச்சிதைவு, 1970-இல் குழுவை விட்டு விலகினார்.

கிட்டாரையும் விட்டார். பெல்ஃபாஸ்ட்காரரான கேரி மூர் அப்போது சின்னப் பையன். பீட்டர் அவருக்கு முதலில் இரவலாகக் கொடுத்து, பிறகு வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். மூர் தன்னுடைய எஸ்ஜி கிட்டாரை விற்று அந்தக் காசிலிருந்து கொடுத்தார். நல்ல வீட்டுக்குப் போகட்டும் என்பதே பீட்டருக்கு முக்கியம், பேரம் இல்லை. மூர் முப்பது ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார்; 1995-இல் பெரும்பாலும் பீட்டரின் பாடல்களையே வாசித்து ‘புளூஸ் ஃபார் கிரீனி’ வெளியிட்டார். அந்தக் கிட்டாருக்கு ஊரறிந்த பெயரும் கிரீனிதான்.

2006-இல் பண நெருக்கடியில் மூர் அதை விற்றார். இதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அதன்பின் வந்த ஆண்டுகள்தான் சலிப்பானவை. வியாபாரிகள், சேகரிப்பாளர்கள், பத்து லட்சம் டாலர்களில் பேச்சு. வாசிப்புதான் இல்லை. 2014-இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாமெட் லண்டனில் இதை வாசித்துப் பார்த்தார், சுவிட்சை நடுவில் தட்டியதும் மனதைப் பறிகொடுத்து வாங்கிவிட்டார்.

இடி முழக்கத்துக்குப் பேர்போன ஹெவி மெட்டல் குழுவுக்கா இந்தக் குரல் என்று புளூஸ் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். ஹாமெட் அதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டவில்லை. விளையாட்டரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் வாசிக்கிறார்; 2020 பிப்ரவரியில் லண்டன் பலேடியத்தில் மிக் ஃப்ளீட்வுட் ஏற்பாடு செய்த பீட்டர் கிரீன் அஞ்சலி நிகழ்ச்சிக்கும் கொண்டுவந்து வாசித்தார். பீட்டர் அந்த மேடைக்கு வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஜூலை 25 அன்று, 73 வயதில் காலமானார்.

2023-இல் கிப்ஸன் நிறுவனம் கிரீனியின் நகல்களை விற்பனைக்கு விட்டது. கழுத்துப் பிக்கப்பைத் தொழிற்சாலையிலேயே தலைமாற்றி மாட்டி அனுப்புகிறார்கள்.