சாவி யாரிடம்? கோசகிருகம் முதல் கிரிப்டோ வாலட் வரை

தில்லியில் தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரிச் சாலைகளுள் ஒன்றின் பெயர் கௌடில்ய மார்க். தமிழ்நாடு இல்லத்தின் முகவரியும் அச்சாலையே. இந்த இணைவுக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. நெடுங்காலம் மறைந்திருந்த அர்த்தசாஸ்திரத்தின் சுவடியை மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தவர் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். அச்சுவடியை 1905-இல் இனங்கண்டு, 1909-இல் பதிப்பித்தவர் ஆர். சாமசாஸ்திரி.

நூலின் காலமும் ஆசிரியரும் இன்றும் விவாதத்துக்குரியவை. ஆயினும், செல்வத்தைக் காப்பது எவ்வாறு என்ற வினாவை அது அணுகும் முறை கவனிக்கத்தக்கது. வருவாயைத் திரட்டும் சமாகர்த்தா ஒருவர். திரட்டியதைக் காக்கும் சந்நிதாதா வேறொருவர். கருவூலமான கோசகிருகத்தின் கீழே, ஈரமற்ற குழியில் கற்பலகை பரப்பி, ஒரே வாயில் கொண்ட நிலவறை அமைக்கவேண்டும் என்கிறது இரண்டாம் அதிகரணம். அதோடு, ஆபத்துக் காலத்துக்கென நாட்டின் எல்லையில் தனியே ஒரு நிலையான சேமநிதி வேண்டும். அதை மரண தண்டனை பெற்றோரைக் கொண்டு அமைக்கவேண்டும். இருக்குமிடம் அறிந்தோர் எஞ்சக்கூடாது என்பதே இக்கொடிய விதியின் உட்பொருள் எனத் தோன்றுகிறது. அன்றாடச் செலவுக்கு ஓரிடம், ஆபத்துக்கு வேறோரிடம் என்ற இப்பகுப்பை நினைவில் கொள்க.

மூன்றாம் அதிகரணம் அடைக்கலப் பொருளைப் பற்றிப் பேசுகிறது. பகைவர் படையெடுப்பு, தீ, வெள்ளம் போன்றவற்றில் பொருள் அழிந்தால், பெற்று வைத்திருந்தவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. ஆனால் அப்பொருளைத் தாமே பயன்படுத்தியிருந்தால் கூலியும் தண்டமும் உண்டு. இழப்பு நேர்ந்தது பேரிடராலா, காவலரின் தவற்றாலா என்பதே அங்கு அடிப்படை வினா.

இவ்வினா 2024 ஜூலையில் இருவேறு உருவங்களில் நம்முன் வந்தது. ஜூலை 14 அன்று பூரி ஜகந்நாதர் கோயிலின் ரத்ன பண்டாரம் திறக்கப்பட்டது. அதன் உள்ளறைச் சாவி காணவில்லை என்ற செய்தி 2018-லேயே வெளியாகி, விசாரணையும் நடந்திருந்தது. கொண்டுசென்ற மாற்றுச் சாவிகள் பொருந்தாமையால் பூட்டுகள் உடைக்கப்பட்டன. நான்கு நாள் கழித்து, ஜூலை 18 அன்று, வசீர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ சந்தையின் வாலட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. முன்னதில் சாவி இல்லை, செல்வம் எஞ்சியது. பின்னதில் சாவிகள் உரியவரிடமே இருந்தன, செல்வம் போயிற்று.

வாலட் என்பது பணப்பை அன்று என்பதை உணர்ந்தால்தான் இது விளங்கும். நாணயம் வாலட்டுக்குள் இல்லை; எந்த முகவரிக்கு எவ்வளவு உரியது என்ற பதிவு பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் உள்ளது. அப்பதிவை மாற்ற ஒப்பமிடும் தனித்திறவுகோலைக் காப்பதே வாலட்டின் வேலை. அத்திறவுகோலை மீட்க, 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வரிசையாக எழுதிவைக்கும் முறை 2013-இல் வகுக்கப்பட்டது. திறவுகோலும் அச்சொற்களும் தொலைந்தால், பூரியில் செய்ததுபோல் நடுவர் முன்னிலையில் உடைக்க அங்கே பூட்டே இல்லை.

ஆகவே, வாலட்டைத் தேர்வது எந்த இழப்புக்கு நாம் அஞ்சுகிறோம் என்பதைத் தேர்வதாகும். சந்தை நிறுவனத்திடம் திறவுகோலை விட்டால், நம் மறதியிலிருந்து தப்பலாம். அவர்தம் தவற்றிலிருந்து தப்ப இயலாது. கைப்பேசிச் செயலியில் நாமே வைத்துக்கொண்டால் பயன்பாடு எளிது. ஆனால் இணையத்தோடு இணைந்த கருவி தாக்குதலுக்கு இலக்காகும். இணையத்திலிருந்து விலகிய வன்பொருள் வாலட் எல்லைப்புறச் சேமநிதியை ஒத்தது. பலர் ஒப்பமிட்டாலன்றித் திறவாத பல்கையொப்ப வாலட்டும் உண்டு.

வசீர்எக்ஸ் வாலட் இக்கடைசி வகையே. ஒப்பமிடுவோர் அறுவர்: ஐவர் நிறுவனத்தார், ஒருவர் லிமினல் என்ற காப்பு நிறுவனத்தார். திரையில் காட்டப்பட்டது ஒன்று, ஒப்பமிடப்பட்டது வேறொன்று என்பது வசீர்எக்ஸ் தந்த விளக்கம். தவறு யார் பக்கம் என்பதில் இரு நிறுவனங்களும் முரண்பட்டன. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகியவை கூட்டறிக்கையில் வடகொரியாவைச் சுட்டின. சாவிகளைப் பெருக்கினால் மட்டும் போதாது; ஒப்பமிடுபவர் எதற்கு ஒப்பமிடுகிறோம் என்று அறிவதும் வேண்டும்.

அடைக்கலப் பொருள் பற்றிய பழைய வினா இங்கே திரும்புகிறது. களவுபோகாத நாணயத்துக்கு உரியவரும் இழப்பைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமா? 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இவ்வழக்குகளுள் ஒன்றில், கிரிப்டோ நாணயம் சொத்தே, பிறர்பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத்தக்கது என்று கூறினார். களவுபோனவை வேறு வகை நாணயங்கள். மனுதாரர் வைத்திருந்தது வேறு என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். 2022 ஏப்ரல் முதல் இந்நாணயங்களின் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதிக்கும் நாட்டில், காவலரின் கடமை என்ன என்பதற்கு வழக்குகளின் வழியாகவே விடை உருவாகிறது.

மாணவ நண்பர்கள் சிலர் எந்த வாலட் நல்லது என்று கேட்கிறார்கள். நிறுவனப் பெயர் எதையும் நான் பரிந்துரைப்பதில்லை, இம்முதலீட்டையும் பரிந்துரைப்பதில்லை. வைத்திருப்போர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு. திறவுகோல் யாரிடம் இருக்கிறது? அன்றாடத் தொகையும் சேமத்தொகையும் பிரிக்கப்பட்டுள்ளனவா? மீட்புச் சொற்கள் கைப்பேசிப் படமாக அன்றித் தாளிலோ உலோகத்திலோ ஈரிடங்களில் உள்ளனவா? நாம் இல்லாதபோது நம் வீட்டார் அவற்றைக் கண்டடைய வழி உண்டா?

நான்காவது வினாவைப் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதே இல்லை. இருக்குமிடம் அறிந்தோர் எவரும் எஞ்சாத சேமநிதி கள்வரிடமிருந்து தப்பும். உரியவரின் கைக்கும் அது எட்டாது.