கிணறும் குழாயும்

2015ஆம் ஆண்டு தை மாதம். மொன்றியலில் கடுங்குளிர். சுன்னாகத்திலிருந்து அக்கா தொலைபேசியில் கதைத்தார். பொங்கல் எப்படிப் போனது என்று கேட்டேன்.

"போத்தில் தண்ணியிலைதான் பொங்கினது. கிணத்துத் தண்ணி எண்ணெய் மணக்குது. வாளியைத் தூக்கினால் மேலை படலம் படலமாய் நிக்குது."

பிறகு அவர் கேட்டார்: "உங்கடை பைப் தண்ணி நல்லதோ?"

"இஞ்சை பயமில்லை அக்கா" என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில். அந்தப் பதில் சரிதானா என்று பார்க்கப் போனதில் அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதுதான் எங்கள் நன்னீர். மேலே வளவுக்கு வளவு பனையோலை வேலி. கீழே தண்ணீருக்கு வேலி இல்லை. ஒரு வளவில் இறங்குவது இன்னொரு வளவின் கிணற்றில் வரும்.

ஆனால் நாங்கள் கிணற்றுக்கும் வேலி போட்டவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் எங்கள் கிணற்றில் அள்ள முடியாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக் கிணற்றடியிலும் அப்படி நின்றவர்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர்கள் தொட்டால் தண்ணீர் தீட்டுப்பட்டுவிடும் என்று நம்பினோம்.

தீட்டுக்குக் காவல் நின்ற அதே காலத்தில் உண்மையான அழுக்கு எங்கள் கையாலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிக் கொட்டிய இரசாயனப் பசளையும், கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டிய மலசலகூடக் குழிகளும் தண்ணீரில் நைத்திரேற்றை ஏற்றின. பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும். கொதித்தாறின தண்ணீர் எதற்கும் மருந்து என்பது எங்கள் அம்மாமாரின் நம்பிக்கை. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றுக் கொதிக்கவைத்தால் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

பிறகு வந்தது எண்ணெய். சுன்னாகத்தில் ஐம்பதுகளிலிருந்தே மின்நிலையம் இருக்கிறது. யுத்தம் அதையும் விட்டுவைக்கவில்லை. யுத்தம் முடிகிற காலத்தில் ஒரு தனியார் நிறுவனமும் அங்கே எண்ணெயில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. 2013 முடிவிலிருந்து 2014 நடுப்பகுதிவரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சுற்றுவட்டாரத்தில் 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெய் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. சனம் தெருவுக்கு வந்தது. பவுசரில் தண்ணீர் வந்தது. நீதிமன்ற உத்தரவால் தனியார் நிலையம் நின்றது. ஆனால் மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான நச்சுப்பொருள் காணப்படவில்லை என்று அறிக்கை தந்தது. ஒரே கிணற்றுக்கு இரண்டு பதில்கள். எதை நம்பிக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பது?

2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. குறைந்தது 500 பேருக்கு, ஆளுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல். கிணற்றை நம்பியே வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் தண்ணீருக்குக் காணும் என்பதை வாசிப்பவர்களே கணக்குப் பார்க்கலாம்.

இனி, நான் பயமில்லை என்று சொன்ன மொன்றியல். 1801இல் ஒரு தனியார் கம்பனி மவுண்ட் றோயல் மலையின் ஊற்றுகளிலிருந்து மரக்குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்ததோடு இந்த நகரத்தின் குழாய்த் தண்ணீர் தொடங்குகிறது. 1845இல் நகரசபை அதை வாங்கியது. 1856இல் தோமஸ் கீஃபர் என்ற பொறியியலாளரின் திட்டப்படி லஷீன் நீர்வீச்சுக்கு மேலிருந்து சென். லோறன்ஸ் நதியின் தண்ணீர் கால்வாயில் வந்தது. தண்ணீர் வந்தது, சுத்தம் வரவில்லை. 1909–10 குளிர்காலத்தில் நெருப்புக்காய்ச்சல் நகரத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் குளோறின். 1918இல் அட்வாட்டர் வடிகட்டல் நிலையம். இறந்தவர்களின் கணக்கு வந்த பின்புதான் இங்கும் சுத்தத்துக்குக் காசு வந்தது.

கிருமி போனது, ஈயம் இருந்தது. தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பை ஈயத்தால் செய்தார்கள். 1970க்கு முன் கட்டிய சிறிய வீடுகள் பலவற்றில் அதுதான். நம்மவர்கள் வந்திறங்கி வாடகைக்கு எடுத்த பார்க் எக்ஸ்ரென்சன் பக்கத்து மாடி வீடுகளும் அந்தக் காலத்தவைதான். ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதுவும் கொதிக்கவைத்தால் போகாது.

என்னைத் திடுக்கிட வைத்தது ஈயம் இருந்தது அல்ல. அதை அளந்த விதம். கியூபெக் விதிப்படி, குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டுப் பிறகுதான் மாதிரி எடுப்பார்கள். இரவு முழுவதும் ஈயக்குழாய்க்குள் கிடந்த தண்ணீர் அதற்குள் ஓடிப்போய்விடும். காலையில் எழுந்தவுடன் ஐந்து நிமிடம் திறந்துவிட்டா தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கிறோம்? 2019இல் கனடா அரசு ஈயத்தின் எல்லையை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அதே ஆண்டு பத்திரிகையாளர்களும் மாணவர்களும் வீடுவீடாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்து எழுதினார்கள். அதன் பிறகு கியூபெக் அளக்கும் முறையை மாற்றியது. ஈயக்குழாய்களை 2026க்குள் மாற்றுவோம் என்று முன்பு சொல்லியிருந்த மொன்றியல் நகரசபை, அந்தத் தவணையை 2030க்குத் தள்ளியது.

சுன்னாகத்தையும் மொன்றியலையும் நான் சமமாக்கவில்லை. இங்கே ஒரு தவறான அளவை எழுதிக் கேட்டால் விதி மாறுகிறது. அங்கே தெருவில் இருந்து கேட்க வேண்டியிருந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் தண்ணீரைத் தெளிவாகப் பார்த்து நம்பியதுதான் எங்கள் பிழை. தீட்டைக் கண்ணால் கண்டதாக நினைத்த நாங்கள், கண்ணுக்குத் தெரியாததை அளந்து சொல் என்று யாரையும் கேட்கவில்லை.

பழைய வீடுகளில் இருக்கும் நண்பர்கள் நகரசபையிடம் தங்கள் இணைப்புக்குழாய் என்னவென்று கேளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் குளிர்நீரையே ஓடவிட்டுப் பிடியுங்கள். ஊருக்குக் காசு அனுப்பும்போது கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கவும் கொஞ்சம் அனுப்புங்கள். முடிவைக் கடதாசியில் கேளுங்கள்.

பின்னொரு நாள் அக்காவுக்கு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப அண்டைக்கு ஏன் பயமில்லை எண்டனி?"