கோஷியென் மண்

நம் பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் அக்ஷய வரை அறுபது வருஷங்கள் சக்கரமாகச் சுழன்று வருவதைப் போலவே, ஜப்பானியரிடத்தும் சீனத்திலிருந்து பெற்றுக்கொண்ட அறுபது வருஷக் கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் தலைமுதலாக வரும் வருஷமாக 1924 அமைந்தபடியால், அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதி, ஒஸாகாவுக்கும் கோபேக்கும் நடுவில் திறக்கப்பட்ட விளையாட்டரங்கத்துக்கு அவ்வருஷத்தின் பெயரையே சூட்டிக் கோஷியென் என்று வழங்கலாயினர். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆடும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பெயரை க்ஷேத்திரத்தின் பெயரைப் போல உச்சரிக்கிறான்.

அங்கே நடக்கும் பள்ளிப் பேஸ்பால் பந்தயம் அரங்கத்தைக் காட்டிலும் மூத்தது. 1915-இல் ஒஸாகா அசாஹி பத்திரிகையின் ஆதரவில், டொயொனகா மைதானத்தில், பத்துப் பள்ளிகளோடு அது தொடங்கிற்று. 1918-இல் அரிசிக் கலகம் அதை நிறுத்தியது. பிறகு இரண்டாம் மகா யுத்தம் நிறுத்தியது. யுத்த காலத்தில், ஜனங்களின் தலைக்கு மேல் நிழல் கொடுத்துவந்த பிரம்மாண்டமான இரும்புக் கூரையைப் பிரித்துத் தளவாடத்துக்கென்று கொண்டுபோனார்கள். மைதானத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டார்கள். சண்டை ஓய்ந்து, 1947-இல் பிள்ளைகள் கோடைப் பந்தயத்துக்காக அங்கே திரும்பி வந்தார்கள்.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஜில்லா தோறும் மோதி, அவற்றுள் 49 பள்ளிகள் மட்டுமே கோடையில் கோஷியெனை அடைகின்றன. ஒருமுறை தோற்றால் அத்துடன் சரி, மறுவாய்ப்பு கிடையாது. ஆகவே இறுதியில் வெல்லும் ஒரே பள்ளியைத் தவிர ஏனைய எல்லாப் பள்ளிகளுக்கும் கோடை தோல்வியில்தான் முடிகிறது. மூன்றாம் வருஷத்து மாணாக்கனுக்கோ அத்தோல்வி அவனுடைய பள்ளி ஆட்டத்துக்கே முடிவாகிறது. முதல் வருஷத்தில் பந்து பொறுக்கவும் மண்ணைச் சமன் செய்யவும் பழகியவன், மூத்தவர்களுக்குக் குனிந்து வணங்கியவன், இப்போது தானே மூத்தவனாகி இளையவர்களுக்கு வழிகாட்டுகிறான். அணியில் இடம் கிடைக்காதவனாயின், சம வயதுத் தோழர்கள் கீழே ஆட, மேலே பார்வையாளர் நெரிசலில் நின்று, வயிற்றெரிச்சல் இன்றித் தொண்டை கிழியக் கூவுகிறான். கீழே ஆடியவனைவிட இவனிடத்தில்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆட்டம் முடிந்து சங்கு ஊதியதும் இரு தரப்பாரும் எதிரெதிரே நின்று வணங்குகிறார்கள். வென்ற பள்ளியின் கீதம் முழங்குகிறது. அதைக் கேட்டு நின்றுவிட்டுத் தோற்ற பிள்ளைகள் தம் பக்கத்துக் கூட்டத்தின் முன் சென்று மறுபடியும் வணங்குகிறார்கள். அதன் பின்னர் மண்டியிட்டு, கண்ணீர் வழிய, மைதானத்து மண்ணை இரு கைகளாலும் கூட்டி, பாதரட்சை வைக்கும் பையிலே நிரப்பிக்கொள்கிறார்கள்.

இந்தச் சம்பிரதாயத்தை யார் தொடங்கியது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. 1937-இல் இறுதி ஆட்டத்தில் தோற்ற குமமொதோ தொழிற்பள்ளியின் கவகாமி தெத்சுஹாரு, பிற்காலத்தில் யோமியுரி ஜயன்ட்ஸ் அணியை நிர்வகித்துத் தொடர்ந்து ஒன்பது முறை வாகை சூட வைத்தவர், அவரே முதல்வர் என்பர் சிலர். வேறு சிலர் கோகுராப் பள்ளியின் புகுஷிமா கசுவோவைச் சொல்லுவர். 1947, 1948 இரு வருஷமும் பந்தெறிந்து பள்ளியை வெல்லச் செய்த அப்பிள்ளை, 1949-இல் கால் இறுதியில் தோற்றபோது, தன்னையறியாமல் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கால்சட்டையின் பின்பையிலே போட்டுக்கொண்டான். அதைப் பார்த்திருந்த பந்தய அதிகாரி ஒருவர், பள்ளிக்கூடம் கற்பிக்காததெல்லாம் உன் பையிலுள்ள மண்ணில் இருக்கிறது என்ற கருத்தில் கடிதம் எழுத, அதை வாசித்த பிறகுதான் மண் இருப்பதே அவனுக்குத் தெரிந்ததாம். அந்த மண்ணைச் செடித்தொட்டியில் இட்டுப் பாதுகாத்து வந்தான் என்பார்கள். வென்ற இரண்டு வருஷத்தில் எடுக்கத் தோன்றாத மண்ணைத் தோற்ற வருஷத்தில் அவன் கை தானாகவே அள்ளிற்று என்பதால், எனக்கு இந்த இரண்டாம் வரலாறே பிடித்திருக்கிறது.

அந்த மண் சாதாரணமாகக் கிடந்த மண்ணன்று. கருமண்ணையும் வெண்மணலையும் அளந்து கலந்தது. மழை மிகுந்த வசந்தத்தில் நீர் வடிய மணலைக் கூட்டுவார்கள். கோடையில், வெயிலில் வெண்பந்து கண்ணுக்குத் தெரியக் கருமண்ணைக் கூட்டுவார்கள்.

இங்கே ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1998-இல் யோகோஹாமாப் பள்ளியின் மத்ஸுஸாகா தைஸுகே, கால் இறுதியில் 17 இன்னிங்ஸ் நின்று 250 பந்துகள் எறிந்தார். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் எதிரிக்கு ஒரு ஹிட்டும் கொடாமல் வென்றார். தேசமே கொண்டாடிற்று. ஆனால் வளரும் பிள்ளையின் தோள்பட்டையைப் பணயம் வைத்துக் காணும் வீரத்தைக் குணச்சிறப்பென்று புகழ்வது பெரியவர்களின் பிழை. ஒருவன் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்ற விதி 2020-இல்தான் வந்தது. வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

அதே 2020-இல் கொள்ளைநோயால் பந்தயம் ரத்தாயிற்று. கோஷியெனில் கால் வைக்கும் பேறே இல்லாமற்போன மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகளுக்கு, அம்மண்ணை அடக்கிய பந்து வடிவச் சாவிக்கொத்தை அனுப்பிவைத்தார்கள்.

மண்ணைக் கையில் பெற்றும் இழந்தவர்கள் ஓகினாவாவின் ஷுரிப் பள்ளிப் பிள்ளைகள். 1958-இல், நாற்பதாவது பந்தயத்துக்கு, அமெரிக்க ஆட்சியில் இருந்த அத்தீவையும் அழைத்திருந்தார்கள். தொடக்க விழாவில் எல்லா ஆட்டக்காரர்களின் சார்பிலும் பிரமாணம் எடுத்தவன் ஷுரி அணியின் தலைவனே. முதல் ஆட்டத்திலேயே சுருகாப் பள்ளியிடம் 0-3 என்று தோற்று, எல்லாரையும் போல மண் எடுத்துக்கொண்டு, கப்பலேறி ஊர் திரும்பினார்கள். நாஹா துறைமுகத்தில், பயிர்நோய்த் தடுப்புச் சட்டப்படி அது அந்நிய தேசத்து மண்ணாயிற்று. தாய்மொழி பேசும் நாட்டின் மண்ணை, சொந்த ஊர்க் கரையில், அவர்கள் கண்ணெதிரே கடலில் கொட்டினார்கள்.

செய்தியைக் கேள்விப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள், மண்ணைத்தானே சட்டம் தடுக்கிறது, கல்லைத் தடுக்கவில்லையே என்று கோஷியெனுக்கு அருகிலுள்ள கடற்கரையில் நாற்பது கூழாங்கற்கள் போலப் பொறுக்கி, ஷுரிப் பள்ளிக்குச் சேர்ப்பித்தார்கள். 1972 மே 15-ஆம் தேதி ஓகினாவா ஜப்பானோடு மீண்டும் சேர்ந்தது. 2010-இல் கோனான் பள்ளி கோடைப் பந்தயத்தை வென்று, அதன் வெற்றிக்கொடியை முதன்முறையாகத் தீவுக்குக் கொண்டுவந்தது. அந்தக் கூழாங்கற்களைப் பதித்த நினைவுச்சின்னம் ஷுரிப் பள்ளியின் வளாகத்தில் இருக்கிறது.