துனிசியா: சட்டம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்

ஹஜ், உம்ரா போய் வந்தவர்களில் சிலர் ஆலிம்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹரமில் என் பக்கத்தில் நின்றவர் கையைக் கட்டாமல் தொங்கவிட்டே தொழுதார் ஹஜ்ரத், அவர் ஷியாவா?" ஷியாவாக இருக்கவேண்டிய அவசியமில்லை. துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோ பகுதியிலிருந்து வந்த மாலிகி மத்ஹபுக்காரராக இருக்கலாம். ஃபர்ளுத் தொழுகையில் கைகளைத் தொங்கவிடுவது மாலிகி மத்ஹபின் பெயர்பெற்ற சொல். அந்தச் சொல் பதிவாகியிருக்கும் 'அல்முதவ்வனா' என்ற பெரும் நூலைத் தொகுத்தவர் இமாம் ஸஹ்னூன் (ரஹ்). அவர் துனிசியாவின் கைரவான் நகரத்தவர்.

துனிசியாவைப் பற்றி நம் வீடுகளில் தெரிந்திருப்பது பெரும்பாலும் இரண்டு செய்திகள்தாம். ஒன்று, அங்கே ஹிஜாபைத் தடை செய்தார்கள். இன்னொன்று, அங்கே இரண்டாம் நிக்காஹ் செய்தால் சிறை. இரண்டும் உண்மையே. ஆனால் இவற்றை மட்டும் வைத்து, "அந்த ஊர் மக்கள் தீனை விட்டுவிட்டார்கள்" என்று முடிவுகட்டுவது தவறு. அந்நாட்டுச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு தரப்பு. அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்துகொண்டு நோன்பு பிடித்தவர்கள், பிள்ளைகளுக்குச் சூரா மனனம் செய்வித்தவர்கள், சமயத்தில் அந்தச் சட்டத்தை ஆதரித்தும் பேசியவர்கள் வேறொரு தரப்பு.

நாடு சிறியது. தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிய பரப்பு, ஆனால் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 20 லட்சம்தான். ஏறத்தாழ எல்லோரும் முஸ்லிம்கள். ஜெர்பா தீவில் இபாளிகளும், பழமையான ஒரு சிறிய யூதச் சமூகமும் உண்டு.

பள்ளிவாசலுக்குள்

கைரவானை நிறுவியவர் உக்பா இப்னு நாஃபிஉ (ரஹ்), ஆண்டு கி.பி. 670. வட ஆப்பிரிக்காவில் இஸ்லாம் வேரூன்றியது அங்கிருந்துதான். மாலிகி மத்ஹபின் பாலபாடமான 'ரிஸாலா'வை எழுதிய இப்னு அபீ ஸைத் (ரஹ்) அந்த ஊர்க்காரர். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் கரவிய்யீன் பள்ளியைக் கட்டியவராக அறியப்படும் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரிய்யா அம்மையாரின் குடும்பமும் கைரவானிலிருந்து போனதே. தலைநகர் துனிஸில் ஸைத்தூனா பெரிய பள்ளி இருக்கிறது. நூற்றாண்டுகளாக அது பள்ளிவாசலாகவும் பல்கலைக்கழகமாகவும் இயங்கியது. 'முகத்திமா' எழுதிய இப்னு கல்தூன் 1332இல் துனிஸில் பிறந்தவர். 1952இல் எகிப்தின் அல்அஸ்ஹருக்கே ஷைகாக அமர்ந்த முஹம்மத் அல்கிள்ர் ஹுஸைனும் துனிசியர்தான்.

நம்மில் ஒருவர் அங்கே போய் ஜமாஅத்தில் நின்றால் சில விஷயங்கள் திகைக்க வைக்கும். ஃபாத்திஹா சூராவில் நாம் "மாலிகி யவ்மித்தீன்" என்று நீட்டி ஓதும் இடத்தை அங்குள்ள இமாம் "மலிகி" என்று குறுக்கி ஓதுவார். தவறு என்று எண்ணி எடுத்துக்கொடுத்துவிடக்கூடாது. நாம் ஓதுவது ஹஃப்ஸ் அறிவிப்பு. அவர்கள் வழமையாக ஓதுவது இமாம் நாஃபிஉ (ரஹ்) வழிவந்த காலூன் அறிவிப்பு. இரண்டும் முதவாத்திரானவை. பிஸ்மில்லாஹ்வைச் சத்தமிட்டு ஓதமாட்டார்கள். ஃபஜ்ரில் குனூத் உண்டு, ஆனால் ஷாஃபிஈக்களைப்போல ருகூவுக்குப் பின் கையேந்தி அல்ல. ருகூவுக்கு முன்பே மெதுவாக ஓதி முடிப்பார்கள். வாரவிடுமுறை சனி, ஞாயிறு என்பதால் வெள்ளி வேலைநாள். அதனால் ஒரே ஊரில் சில பள்ளிகளில் ஜும்ஆ முன்நேரத்திலும், சிலவற்றில் அஸருக்குச் சற்று முன்னரும் நடக்கும்.

அரசின் கை

1881 முதல் பிரான்சின் பிடியில் இருந்த நாடு 1956 மார்ச் 20 அன்று விடுதலை பெற்றது. ஹபீப் பூர்கீபா பிரதமராகவும், அடுத்த ஆண்டு அதிபராகவும் ஆனார். அவர் செய்தவற்றில் மிக ஆழமாகப் பாய்ந்தது எது என்று கேட்டால் பலரும் ஹிஜாபைச் சொல்வார்கள். என் கணிப்பில் அது வக்ஃபு. 1956, 57 ஆண்டுகளில் வக்ஃபு முறையே ஒழிக்கப்பட்டு, அந்தச் சொத்துகள் அரசுக்கும் தனியாருக்கும் போயின. ஸைத்தூனாவுக்கும் ஓதும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அந்த வருமானம்தான். அது நின்றதும், சில ஆண்டுகளிலேயே ஸைத்தூனாவின் தனித்த கல்விமுறை முடிவுக்கு வந்து, அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாகச் சுருங்கியது. ஆலிம்கள் அரசுச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். அரசு பிறகு எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசத் தனிக்காலில் நிற்கும் நிறுவனம் இல்லாமல் போனது.

1956 ஆகஸ்ட் 13 அன்று குடும்பச் சட்டம் வந்தது. பலதார மணம் குற்றம். தலாக் நீதிமன்றத்தின் வழியாகவே நடக்கவேண்டும். பெண்ணின் சம்மதம் இன்றி நிக்காஹ் இல்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 3ஆம், 129ஆம் வசனங்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு மனைவிதான் என்று பூர்கீபா தரப்பு வாதிட்டது. நான்கு மத்ஹபு இமாம்களும் அவ்வசனங்களிலிருந்து இப்படித் தடையை எடுக்கவில்லை என்பது ஓதியவர்கள் அறிந்ததே. ஆனாலும் வாரிசுரிமைப் பங்கீட்டை அந்தச் சட்டம் பெருமளவு ஷரீஅத்தின்படியே விட்டுவைத்தது. ஆகஸ்ட் 13 இன்றும் அங்கே மகளிர் தினம், அரசு விடுமுறை.

1960இல் பூர்கீபா நோன்பில் கைவைத்தார். நாடு வறுமையோடு ஜிஹாத் செய்கிறது, போரில் உள்ளவருக்கு நோன்பில் சலுகை உண்டு, ஆகவே உழைப்பவர்கள் நோன்பை விடலாம் என்பது அவர் வாதம். அன்றைய முஃப்தி அப்துல் அஸீஸ் ஜஈத் அதற்கு இசையவில்லை. பதவி போயிற்று. மக்களும் இசையவில்லை. இன்றுவரை துனிசியாவில் நோன்பு வைக்காதவர்கூடத் தெருவில் வெளிப்படையாகச் சாப்பிடத் தயங்குகிறார். ரமளான் பகலில் திறக்கும் காஃபிக்கடைகள் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டி மறைத்துக்கொண்டே திறக்கின்றன. இதற்கு எதிராக, "கட்டாயப்படுத்தாதே" என்று 2017இல் ஒரு சிறு கூட்டம் துனிஸில் ஆர்ப்பாட்டமும் செய்தது. இந்தப் பேச்சு அங்கே ஒவ்வொரு ரமளானிலும் எழும்.

ஹிஜாப் விஷயத்துக்கு வருவோம். 1981இல் வந்த 108ஆம் எண் சுற்றறிக்கை, அரசு அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் தலைமறைப்பைத் தடுத்தது. பூர்கீபாவை 1987இல் இறக்கிவிட்டு வந்த பின் அலீ அதை இன்னும் கடுமையாக்கினார். கிழவிகள் போர்த்திய வெள்ளை 'சஃப்ஸாரி' மரபுடை, அதில் தவறில்லை. இளம்பெண்கள் கட்டும் ஹிஜாப் மட்டும் 'பிரிவினை ஆடை', வெளியிலிருந்து வந்தது. அரசின் வாதம் இப்படி. ஒரே தலை, ஒரே துணி, ஆனால் கட்டும் முறையில் அரசியல் கண்டுபிடித்தார்கள். கல்லூரி வாசலில் கழற்றி, வெளியே வந்ததும் கட்டிக்கொண்ட மாணவியர் உண்டு. தொப்பி வைத்துச் சமாளித்தவர்கள் உண்டு. இனிக் கட்டமாட்டேன் என்று காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடவைக்கப்பட்டவர்கள், படிப்பையே விட்டவர்கள், வேலை இழந்தவர்களும் உண்டு. தீனா, பட்டமா என்று ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வைப்பது என்ன கொடுமை என்பதை, பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பும் எந்த வீடும் விளக்கம் இல்லாமலே உணரும்.

2011 ஜனவரி 14 அன்று பின் அலீ நாட்டைவிட்டு ஓடினார். ஹிஜாப் தடையும் அவரோடு போயிற்று. இன்று துனிஸ் தெருவில் ஹிஜாப் அணிந்த அக்காவும் அணியாத தங்கையும் சேர்ந்தே நடக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டும் இருப்பது அங்கே சாதாரணம். முகம் மூடும் நிகாபுக்கு மட்டும், 2019 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அரசு அலுவலகங்களில் தடை இருக்கிறது.

வீட்டுக்குள்

அரசு இவ்வளவும் செய்தபோது வீடு என்ன செய்தது? சமைத்தது, ஓதியது, பெருநாள் கொண்டாடியது. சந்தித்தால் "அஸ்லாமா", நலம் விசாரிக்க "லாபேஸ்", நன்றிக்கு "யஅய்ஷெக்". அந்தக் கடைசிச் சொல்லுக்கு 'அவன் உன்னை வாழவைப்பானாக' என்று பொருள். துஆவே நன்றிச் சொல்லாகப் புழங்குகிறது. அரபியோடு பிரெஞ்சு கலந்து பேசுவார்கள், நாம் தமிழோடு ஆங்கிலம் கலப்பதுபோல.

ரமளானில் சஹருக்கு எழுப்பப் பறை தட்டிக்கொண்டு வருபவரை 'பூ தபீலா' என்பார்கள். நம் ஊர் மஹல்லாக்களில் சஹர் நேரத்தில் பாடி வரும் பக்கீர்களின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். இஃப்தாருக்குப் பேரீச்சம்பழம், கோதுமைக் குறுணைக் கஞ்சி, முட்டையை உள்ளே வைத்துப் பொரித்த 'ப்ரீக்'. நோன்புக் கஞ்சி நமக்கு மட்டும் உரியதன்று என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். பிறை 27 இரவில் பையன்களுக்குச் சுன்னத் செய்வதும், நிச்சயமான பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் அன்பளிப்பு கொண்டுபோவதும் வழக்கம்.

மீலாதுக்குச் சில வகைப் பைன் மர விதையை அரைத்து, 'அஸீதா' என்ற கருநிறக் களி கிண்டி, மேலே பாதாம் பிஸ்தாவால் அலங்கரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். கைரவானில் அன்று பெருங்கூட்டம். மீலாதைக் கொண்டாடலாமா என்ற சர்ச்சை நம்மிடம் இருப்பதுபோல அங்கும் உண்டு. 2011க்குப் பிறகு அது சூடு பிடித்தது. விதை விலை ஏறிவிட்டது என்ற புலம்பல் அதைவிடச் சத்தமாகக் கேட்கும்.

கோடை மாலைகளில் மல்லிகை மொட்டுகளைச் சிறு செண்டாகக் கட்டி விற்பார்கள். அதைக் காதோரம் செருகிக்கொள்வது அங்கே ஆண்கள்.

பங்கு பற்றிய வழக்கு

அண்மைக் காலத்தில் துனிசியக் குடும்பங்களை நேராகத் தொட்ட விவாதம் வாரிசுரிமை. 2017 ஆகஸ்ட் 13 அன்று அதிபர் பாஜி காயித் அஸ்ஸப்ஸீ, மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தரவேண்டும் என்றார். முஸ்லிம் பெண் முஸ்லிமல்லாதவரை மணப்பதைத் தடுத்திருந்த 1973ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் அடுத்த மாதமே விலக்கப்பட்டது. அல்அஸ்ஹர் கண்டித்தது. துனிசியாவுக்குள் 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தனர். இரண்டு நாள் கழித்து ஆதரித்து ஓர் ஊர்வலம். சமபங்கே பொதுவிதி, ஷரீஅத்தின்படி பங்கிட விரும்புபவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம் என்று ஒரு மசோதா அமைச்சரவை வரை போனது. நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. 2019 ஜூலையில் அஸ்ஸப்ஸீ மரணித்தார். அடுத்து வந்த கைஸ் ஸயீத், 2020இல் அதே ஆகஸ்ட் 13 அன்று, குர்ஆனில் தெளிவாக உள்ளதில் மாற்றமில்லை என்று கூறிவிட்டார்.

இதில் மார்க்கத்தின் நிலை தெளிவு. அந்நிஸா 11ஆம் வசனத்தின் பங்கு கத்இய்யானது, இஜ்திஹாதுக்கு இடமில்லை. ஆனால் சமபங்கு கேட்ட பெண்கள் எல்லோரையும் தீனின் எதிரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பாதித்து வீட்டுச் செலவைப் பாதி தாங்கும் மகள், பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகள், நஃபகா என்ற கடமையை மறந்துவிட்ட சகோதரனிடம் இரு மடங்கு போவதைப் பார்க்கிறாள். இரு மடங்கு வாங்கியவன் மேல் ஷரீஅத் சுமத்தியதை யாரும் அவனிடம் கேட்பதில்லை. கிராமப்புறங்களில் பெண்ணுக்கு உரிய ஒரு பங்கையே நிலமாகத் தராமல் ஏமாற்றும் வழக்கமும் அங்கே உண்டு. இந்த அநியாயத்தை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் காக்க எழுந்த கூட்டங்களைப் பார்த்துத்தான் அந்தப் பெண்களுக்குக் கோபம். சில தகப்பன்மார் வேறு வழி கண்டார்கள். உயிரோடு இருக்கும்போதே மகளுக்கு ஹிபாவாக எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கிடையே நீதியைப் பேணினால் ஷரீஅத் இதை அனுமதிக்கிறது.

'மகாஸித்' எனும் ஷரீஅத்தின் நோக்கங்களைப் பற்றி நவீன காலத்தில் பெரும் நூல் எழுதியவர் ஸைத்தூனாவின் ஷைகு முஹம்மத் தாஹிர் இப்னு ஆஷூர் (ரஹ்). 30 பாகத் தஃப்ஸீரும் அவருடையது. 1973இல் மறைந்தார். 2022ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 5ஆம் பிரிவு, உயிர், மானம், பொருள், மார்க்கம், சுதந்திரம் ஆகியவற்றைக் காப்பதில் இஸ்லாத்தின் மகாஸிதை நிறைவேற்றுவது அரசின் பொறுப்பு என்கிறது. ஸைத்தூனாவை முடக்கிய நாட்டின் சாசனத்தில் ஸைத்தூனாவின் சொல்.

அந்தப் பட்டியலில் சுதந்திரமும் இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 54ஆம் எண் ஆணைச் சட்டமோ, பொய்ச் செய்தி பரப்பினால் ஐந்தாண்டு வரை சிறை, அரசு அதிகாரி சம்பந்தப்பட்டால் அது இரட்டிப்பு என்கிறது. எது பொய் என்பதைச் சொல்வதும் அரசுதான். பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் அதன்கீழ் உள்ளே போயிருக்கிறார்கள். ஆகவே காஃபிக்கடைப் பேச்சு இப்போது விலைவாசியோடு நிற்கிறது. அரசு மானியத்தில் 190 மில்லீமுக்கு, அதாவது ஒரு தினாரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, நீள ரொட்டி ஒன்று கிடைக்கும். 1984 ஜனவரியில் ரொட்டி விலையை இரட்டிப்பாக்கியபோது நாடே தெருவுக்கு வந்தது, சில நாளில் பூர்கீபா பின்வாங்கினார். அதன்பின் வந்த எந்த அரசும் அந்த விலையைத் தொட அஞ்சும். 2023இல் விலை அப்படியே இருந்தது, ரொட்டிதான் இல்லை. விடியலிலேயே கடை வாசலில் வரிசை. பாலுக்கும் சர்க்கரைக்கும் அதே கதை.