தாமிரபரணிப் போர் (1532)

தாமிரபரணிப் போர் 1532இல் விஜயநகரப் பேரரசுக்கும் தென்கேரளத்து வேணாட்டுக்கும் இடையே இன்றைய திருநெல்வேலிச் சீமையில் நடந்தது. விஜயநகரத்தை அப்போது அச்சுததேவராயர் ஆண்டார். வேணாட்டைப் பூதலவீர உதயமார்த்தாண்டர் ஆண்டார். வேணாட்டு அரசர்களைக் கல்வெட்டுகள் ‘திருவடி’ என்று குறிக்கின்றன.

பேரரசுகளின் போர் என்று பேசப்பட்டாலும், இதன் அடிவேர் ஆற்றுப்பாசன நஞ்சையில்தான் இருக்கிறது. தென்காசிப் பாண்டியர் வலுக்குன்றியதும் வேணாட்டார் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே வந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு வட்டாரங்களில் காலூன்றினர். உதயமார்த்தாண்டர் களக்காட்டிலேயே தங்கி ஆண்டார். கார், பிசானம் என இரு போகம் நெல் விளையும் வயலை இழந்த பாண்டியரால் தனித்து நின்று அதை மீட்க முடியவில்லை.

போரை மூட்டியவர் சோழமண்டலத்தை ஆண்ட சாளுவ நாயக்கர் எனும் செல்லப்பர். அவருக்கு 11 லட்சம் பொன் வருவாயும் 30,000 காலாட்களும் 3,000 குதிரைகளும் 30 யானைகளும் இருந்ததாகப் போர்த்துகீசியர் நூனிஸ் எழுதியிருக்கிறார். 1529இல் கிருஷ்ணதேவராயர் மறைந்தபோது அச்சுதருக்கு அரியணையைக் காத்துக் கொடுத்தவரும் இவரே. பின்னர் அச்சுதருக்கு எதிராகக் கலகம் செய்து, திருவடியிடம் அடைக்கலம் புகுந்தார்.

அச்சுதர் படையோடு தெற்கே வந்தார். ஆனால் தாமிரபரணி ஆற்றங்கரை வரை அவர் வரவில்லை. அவர் திருவரங்கத்தில் தங்கிவிட, மைத்துனர் சலகராஜு திருமலையே படையை நடத்தினார் என்கிறது ராஜநாத திண்டிமர் இயற்றிய ‘அச்சுதராயாப்யுதயம்’ எனும் வடமொழிக் காவியம். திருவடி தோற்றுப் பணிந்தார். யானைகளையும் குதிரைகளையும் கொடுத்துச் செல்லப்பரையும் ஒப்படைத்தார். இது வென்றவரின் அவைப்புலவர் சொல்வது என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

வெற்றிக்குக் கல் சாட்சியும் உண்டு. அச்சுதர் தாமிரபரணிக் கரையில் வெற்றித்தூண் நாட்டியது, திருவடியிடம் திறை கொண்டது, பாண்டியன் மகளை மணந்தது ஆகியவற்றைக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதே கோயிலில் அச்சுதர் தம் எடைக்கு எடை முத்துகளைத் துலாபாரமாகத் தந்தார்.

வேணாட்டோடு பூசல் அத்துடன் ஓயவில்லை. 1544இல் விட்டலர் தலைமையில் விஜயநகரப் படை மறுபடியும் தெற்கே வந்தது. ஆனால் பாண்டியருக்கு 1532இன் போர் பெரிய மீட்சி. 1534இல் தென்காசியில் பட்டமேறிய சடையவர்மன் சீவல்லபன் சூடிக்கொண்ட விருதுப்பெயர் ‘இறந்தகாலம் எடுத்தவன்’, அதாவது போன காலத்தை மீட்டவன்.