ஷாங்காய்: ஹுவாங்பு ஆற்றைக் கடந்த வரலாறு

ஷாங்காய் நகரை ஹுவாங்பு ஆறு இரண்டாக வகிர்ந்து செல்கிறது. மேற்குக் கரை புஷி, கிழக்குக் கரை புதோங். ஊர் பார்க்க வருகிறவர் ஒருமுறையாவது கடக்க வேண்டிய ஆறு இது. இதை எப்படிக் கடப்பது என்று நகரம் நூறாண்டுகளாகப் பட்ட பாடுதான் அதன் போக்குவரத்து வரலாற்றில் பெரும்பகுதி.

பழைய ஊர் மேற்குக் கரையில், 1553இல் கடற்கொள்ளையருக்கு அஞ்சி எழுப்பிய வட்ட மதிலுக்குள் இருந்தது. முதல் அபினிப் போரில் சீனா தோற்றபின், 1843இல் துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. மதிலுக்கு வடக்கே பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் குடியேறினர். அவர்களுடைய வங்கிகளும் வணிக மாளிகைகளும் வரிசைகட்டி நின்ற ஆற்றங்கரைச் சாலையே இன்று எல்லாரும் பார்க்க வரும் ‘பண்ட்’. 1874இல் ஜப்பானிலிருந்து கைரிக்‌ஷா வந்தது, 1908இல் டிராம், 1914இல் டிராலி பேருந்து. டிராம் போய்விட்டது. டிராலி பேருந்து இன்றும் ஓடுகிறது. உலகில் இன்னும் இயங்கும் டிராலி பேருந்து அமைப்புகளில் இதுவே மிகப் பழையது. 1912 முதல் மதிலை இடித்து, அது நின்ற தடத்திலேயே சாலை போட்டார்கள். 11ஆம் எண் பேருந்து அந்த வட்டத்தைச் சுற்றி வருகிறது. பழைய ஊர் எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொள்ள அதில் ஒரு சுற்றுப் போனால் போதும்.

இந்த வசதியெல்லாம் மேற்குக் கரைக்கு மட்டுமே. கிழக்கே வயல்கள், கிடங்குகள், கப்பல் பட்டறைகள். அங்கே போகத் துடுப்புத் தோணிகள் இருந்தன. 1911இல் பொதுப் படகுச் சேவை தொடங்கியது. பாலம் கட்டுவது எளிதாக இல்லை. கடலோடும் கப்பல்கள் நகரின் நடுவரை வந்துபோகும் ஆற்றில் தாழ்வான பாலம் போட்டால் துறைமுகமே முடங்கிவிடும். புதோங்கில் ஓர் அறையைவிடப் புஷியில் ஒரு கட்டில் மேல் என்று ஊரார் சொல்லிக்கொண்டதற்கு இந்த ஆறுதான் காரணம். 1970களின் தொடக்கத்தில் ஆற்றடியில் ஒரு சாலைச் சுரங்கம் வந்தும், வேலைக்குப் போகிறவர்கள் படகையே நம்பியிருந்தனர். 1987 டிசம்பரில் ஒரு காலை, பனிமூட்டத்தால் படகுகள் நின்றுபோய் மறுபடி புறப்பட்டபோது, துறையில் ஏற்பட்ட நெரிசலில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தச் சாவுகள் தவிர்த்திருக்கக் கூடியவை.

1990இல் புதோங்கை வளர்ப்பதென அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டே நான்பு பாலம் திறக்கப்பட்டது. கப்பல்கள் அடியில் போவதற்காகத் தளத்தை நீருக்கு மேல் சுமார் 46 மீட்டர் உயரத்தில் அமைத்தார்கள். அந்த உயரத்துக்கு நேராக ஏறும் சாலை அமைத்தால் மேற்குக் கரையில் ஏராளமான வீடுகளை இடிக்க வேண்டியிருக்கும். அதனால் சாலையைச் சுருள்போல் வளைத்து ஏற்றினார்கள். ஷாங்காய்ப் பொறியாளர்களின் மிக அழகான முடிவு இது என்றே சொல்லலாம். 1993இல் யாங்பு பாலமும் முதல் மெட்ரோ தடமும் வந்தன. 2000க்குள் இரண்டாம் தடம் ஆற்றடியில் கடந்தது. இன்று மெட்ரோவின் நீளம் 800 கிலோமீட்டருக்கும் மேல். புதோங் விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர் ஓடும் காந்த மிதவை ரயில் பல ஆண்டுகள் மணிக்கு 431 கிலோமீட்டர் வேகம் வரை எட்டியது. ஆனால் அது ஆற்றைக் கடப்பதில்லை. இறங்கி மெட்ரோ பிடித்தாக வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் படகுகள் ஓடுகின்றன. நகர நடுவிலுள்ள பாலங்களிலும் சுரங்கங்களிலும் சைக்கிளுக்கும் மின்-ஸ்கூட்டருக்கும் இடமில்லை. அவற்றோடு கடப்பவர்களுக்குப் படகே வழி. கட்டணம் 2 யுவான். 468 மீட்டர் ஓரியண்டல் பேர்ல் கோபுரத்தையும் 632 மீட்டர் ஷாங்காய் கோபுரத்தையும் ஒருபுறம், பண்ட் மாளிகைகளை மறுபுறம் என இரண்டு நூற்றாண்டுகளையும் சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. உல்லாசப் படகுக்குப் பல மடங்கு பணம் கொடுக்கும் முன் இதில் ஒருமுறை போய்வாருங்கள். கடைசிப் படகு எப்போது என்று மட்டும் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.